கழுத்தில் இருந்தது அழுக்கில்லை

அன்புள்ள செண்பகம்,

மீன்குழம்பை மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டு ஓமனாவிடம் கொடுத்து, நான்கு மணிக்குள் பிரசீதாவின் பள்ளிக்கு வா.

நேற்று நீ உன் அக்காள் வீட்டில் இருந்தபோது, "டாக்டர்கிட்டப் போனா நாணக்கேடு" என்ற உன் பேச்சை மீறி, மகளை எர்ணாகுளத்துக்கு அழைத்துச் சென்றேன். அவள் கழுத்துக் கறுப்பு அழுக்கில்லையாம். அதுவும், முகப்பருவும், மாதவிலக்குத் தள்ளிப்போவதும் சினைப்பை நீர்க்கட்டித் தொந்தரவால் வருபவையாம். பல பெண்களுக்கு உண்டு, நடையாலும் உணவாலும் மருந்தாலும் கட்டுப்படும், தேய்க்க மட்டும் கூடாது என்றார் டாக்டரம்மா.

நீ பீர்க்கங்காய் நாரால் தேய்த்ததைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. முப்பது ஆண்டுகள் ஆசிரியராக, காலை வரிசையில் கழுத்துக் கறுத்த பிள்ளைகளைக் குழாயடிக்கு அனுப்பியவன் நான்.

திரும்பும் படகில் காகமும் கொக்கும் பேசிக்கொள்வதாக ஒரு கதை தொடங்கினேன். "அப்பா, கதை மதி, போதும்! எறங்கினதும் சர்க்கரையில்லாம ஒரு சாயா வாங்கித் தாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஓராண்டாயிற்று.

கொண்டையிட்டால் கழுத்து தெரியுமென்று ஓணவிழாத் திருவாதிரைக்களி நடனத்தில், பயிற்சி எடுத்தும் ஆட மறுத்தவள், இன்று காலை தானே கொண்டையிட்டு முல்லைப்பூ சூடிப் போயிருக்கிறாள். முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.

சிதம்பரதாணு

பி.கு.: நாரைத் தேடாதே. அதால் என் சைக்கிளைத் தேய்த்துவிட்டேன், பளபளக்கிறது.

இன்னொன்று: வட்டமாக ஆடும்போது அவள் முதுகு நம் பக்கம் திரும்பும். அப்போதுதான் நாம் உரக்கக் கைதட்ட வேண்டும்.