செல்ஃப் என்ற பெயர்

செவ்வாய், இரவு

வட்டகொடைத் தோட்ட மருந்தகத்தில், தாமே வந்து மாத்திரை வாங்கியவர்களின் பதிவுகள் மட்டும் கணினியில் நிற்பதில்லை. பதிவு செய்யும் யோகேஸ்வரிதான் அழிக்கிறாள் என்று எண்ணி, நேற்று அவளுடைய பாஸ்வேர்டை முடக்கினேன்.

“நான் ஒன்னும் அழிக்கலைங்க அக்கா,” என்றாள். நான் நம்பவில்லை.

இன்று, அந்தப் பதிவுகளுக்காக நான் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தாமே வந்தவர்களுக்குப் படிவத்தில் ‘செல்ஃப்’ என்று பெயர். பதிவுகளைச் சேர்த்துவைக்க அதில் நான் எழுதிய டிக்‌ஷனரி கிளாஸும் தன்னை அதே பெயரில்தான் அழைத்துக்கொள்கிறது. இரண்டும் மோதிப் பிழை வந்திருக்கிறது. பிழை வந்தால் அந்தப் பதிவை விட்டுவிடும்படி எழுதியவளும் நான்தான். கிளாஸில் இருந்த ‘செல்ஃப்’ பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டதும் மோதல் தீர்ந்தது, பதிவுகள் நின்றன.

யோகேஸ்வரியிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு எதையாவது அழித்திருப்பாளோ என்று பழைய பட்டியலைத் துருவிக்கொண்டிருக்கிறேன்.