பேச்சிலர் ஆன ஹஸ்னைன்

11 மே 2007, வெள்ளி. ரோலா, ஷார்ஜா

நேற்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், இங்க அரசாங்கமே வீடு குடுக்கும்னு பாடத்துல இருக்கே, எங்களுக்கு எப்போ குடுப்பாங்க?" குடிமக்களுக்கு மட்டும்தான் என்றேன். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு கிடைக்கும், அலமாரிச் சாவி கிடைக்குமா என்று உதாரணமும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஷஹீரா இன்று ஊருக்குப் போனாள். அவளும் ஹஸ்னைனும் எங்கள் ஃப்ளாட்டின் உள்ளறையில் உள்வாடகைக்கு இருக்கும் காயல்பட்டினத்துப் பிள்ளைகள். அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம் உம்மா வீட்டில்தான் என்று சொல்லிச் சொல்லி அனுப்பியது நான். "ரூமைப் பாத்துக்கோங்க டீச்சரம்மா. இந்த ஊர்ல எங்களுக்குன்னு இருக்கறது அதுதான்."

2 ஜூன்

வாட்ச்மேன் வாசலில் வந்து ஹஸ்னைனிடம் சொன்னான்: "இது ஃபேமிலி பில்டிங், பாய். பீவி போயாச்சு, நீ இப்போ பேச்சிலர். பேச்சிலர் மாஃபி, இங்க கெடையாது!"

ஹஸ்னைன் சிரித்தான். "நான் வாப்பா ஆகப்போறேன், என்னைப் போய் பேச்சிலர்ங்கறீங்களே!"

5 ஜூன்

கட்டட அலுவலகத்தில் ஒரு வழி சொன்னார்கள். மனைவி அக்டோபரில் திரும்பிவிடுவாள் என்று நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதுவரை அவன் இருக்கலாம்.

என் கணவர் குதித்தார். "உள்வாடகைக்கு விட்டிருக்கோம்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? எப்படா நம்மள வெளியேத்தலாம்னு காத்துக்கிட்டிருக்கான் ஓனர். இந்தப் பழைய வாடகைக்கு இனிமே எங்க வீடு கெடைக்கும், பத்மா?"

சரிதானே? — சரிதானா?

6 ஜூன்

ஹஸ்னைனை உட்காரவைத்து, டீ கொடுத்து, எங்களால் கையெழுத்துப் போட முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். நிரம்பிய படகில் ஒருவர் எழுந்து நின்றாலும் எல்லோரும் மூழ்குவோம் இல்லையா என்றேன்.

"படகு எனக்குத் தெரியும் டீச்சரம்மா. சாஞ்சா சாமானைத்தான் தூக்கி எறிவாங்க. ஆளை எறிய மாட்டாங்க."

டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

7 ஜூன்

போய்விட்டான். கட்டிலை விட்டுவிட்டுப் போனான். போகிற இடத்தில் அதற்கு இடமில்லையாம்.

20 ஜூலை

பெண் குழந்தை. ஷஹீரா போனில் அழுதுகொண்டே சிரித்தாள். அறையை விட்டுப் போனதை ஹஸ்னைன் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. "ரூம் அப்படியே இருக்குல்ல டீச்சரம்மா?"

"இருக்கும்மா" என்றேன். உள்ளறையில், புதிதாக வந்த தம்பதி ஷஹீராவின் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

12 நவம்பர்

ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா ரத்து. ஷஹீராவின் விசா நேற்றோடு போயிற்று. வந்திருந்தால் மட்டும் எங்கே தங்கியிருப்பாள்?

பஸ் ஸ்டாப்பில் ஹஸ்னைனைப் பார்த்தேன். எட்டுப் பேர் அறையில் மேல்கட்டில். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம் என்று கையால் காட்டினான். "எனக்கு மட்டும்னா தாராளம், டீச்சரம்மா." குழந்தையை போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் ஒப்பந்தத்தைப் பழைய வாடகைக்கே புதுப்பித்துவிட்டார்கள். என் கணவர் ஜிலேபி வாங்கி வந்தார். நானும் சாப்பிட்டேன்.

இதை யாராவது படித்தால், உங்கள் வீட்டுத் தரையில் சாக்பீஸால் ஆறடிக்கு இரண்டரை அடி கோடு போட்டு, அதற்குள் கணவன், மனைவி, கைக்குழந்தை மூவரையும் படுக்க வைத்துப் பாருங்கள்.