மாப்பிள்ளை விருந்துக்குப் பிதுக்கிய மொச்சை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கட்டியது, பெய்யவில்லை. மொட்டை மாடித் தொட்டி வழிந்து வாசலெல்லாம் தண்ணீர். மோட்டாரை நான்தான் அணைப்பேன் என்று மொத்த பிளாக்குக்கும் ஒரு நம்பிக்கை.

ஞாயிறன்று தங்கை மகள் தீபிகாவுக்கும் புது மாப்பிள்ளைக்கும் இங்கே கறி விருந்து. தாய்மாமன் வீட்டு விருந்து. ஆடி பிறந்தால் தள்ளிப்போய்விடும், அதற்குள் முடிக்க வேண்டும். தங்கை வசந்தாவுக்கு போனில் சொல்லியாயிற்று. தீபிகாவுக்கும். தங்கை புருஷன் ஏகாம்பரத்துக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இனி இங்கே ஏ. போதும், முழுப்பெயருக்கு மை வீண்.

காரணத்தை எழுதிவைக்கிறேன். வயதான பிறகு மறந்துபோய் மன்னித்துவிடக் கூடாது. கல்யாண மேடையில் பெண்ணின் நெற்றியில் முதல் பட்டம் தாய்மாமன் கட்ட வேண்டும். தட்டோடு நிற்கிறேன். மைக்கில் ஏ.வின் பிளாட் வியாபாரக் கூட்டாளியைக் கூப்பிட்டார்கள். அடுத்து ஏ.வின் அண்ணன். நான் மூன்றாவது. பிறகு பந்தியில் என் காதுபட ஏ. சொன்னது: "தாய்மாமன் விருந்தா? வாத்தியார் ஊட்ல இன்னா கெடைக்கும், ஓட்டல் பார்சல்தான்."

ஆகவே நானே சமைக்கிறேன். ஆட்டுக்கறியும் மொச்சையும் போட்டுக் கெட்டிக் குழம்பு. இதுவரை டீ தவிர எதுவும் போட்டதில்லை. பரவாயில்லை.

சரளாவிடம் சொன்னேன். என் மனைவி துணி மடிப்பதை நிறுத்தவேயில்லை. "விருந்துன்னா நான் சமைப்பேன். இது விருந்து இல்ல, பழி. பழிய நீங்களே சமைங்க."

வாங்க: காய்ந்த மொச்சை, கசகசா, சோம்பு, பட்டை, சின்ன வெங்காயம், பி.பி. மாத்திரை.

ஜூலை 9, புதன்

முதல் ஒத்திகை. கால் கிலோ கறி. இரவே ஊறிய மொச்சை. வதக்கி, தக்காளி போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, மொச்சையை அதில் கொட்டிக் கொதிக்கவிட்டேன். கொதித்தது, கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. கறி நார் நாராகப் பிரிந்தது. மொச்சை சோழி மாதிரி அப்படியே.

குளிக்கும்போதுதான் உறைத்தது. புளி அமிலம். அமிலத்தில் பருப்பு வேகாது. கல்லூரியில் வேதியியல் நடத்தும் எனக்கு, அதுவும் தலையில் தண்ணீர் விழுந்த பிறகு. யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சரளா ஒரு மொச்சையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பல்லாங்குழிக்கு ஆவும்" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

துறைக் கூட்டம். எனக்கு இளையவர் தலைவர் நாற்காலியில். வழக்கம்போல நான் ஜன்னல் பக்கம்.

இரண்டாம் ஒத்திகை. புளி கடைசியில்தான். ஆனால் கறியையும் மொச்சையையும் ஒரே குக்கரில் ஏற்றிவிட்டேன். திறந்தால் மொச்சையைக் காணோம். எல்லாம் கஞ்சி. மேலே தோல் மட்டும் மிதந்தது. ருசி மோசமில்லை. சரளா இரண்டு தோசைக்குத் தொட்டுக்கொண்டாள். கருத்து எதுவும் சொல்லவில்லை. அதுவே கருத்து.

மிதந்த தோலைப் பார்த்ததும் நினைவு வந்தது. எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்குத் தோலோடு மொச்சை வைக்க மாட்டார்கள். ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கி, உள்பருப்பை மட்டும்தான் போடுவார்கள். தோலோடு வைத்தால் வேண்டாவெறுப்பாகச் சமைத்தது என்று அர்த்தம். ஞாயிறு, பிதுக்கிய மொச்சைதான். ஒரு கிலோ.

ஜூலை 11, வெள்ளி

வசந்தா போன் செய்தாள்.

"ண்ணே, மாப்ள ஊட்ல கேக்கறாங்க, பொண்ணோட அப்பா வராரான்னு. நான் இன்னா சொல்ல?"

"வரலன்னு சொல்லு."

"வரலன்னா அவங்களும் வர மாட்டாங்க. பொண்ணப் பெத்தவன கூப்டாத ஊட்ல மாப்ள எப்படிண்ணே கை நனைப்பான்? போன்ல சொன்னாலும் செல்லாது. நேர்ல வந்து, வெத்தல பாக்கு வெச்சு, அவர் கையில குடுக்கணும்."

"அவன் என்ன மூணாவதா கூப்ட்டான்."

"நீ கூப்டவே இல்லியே."

வைத்துவிட்டாள்.

மாலை தீபிகாவின் செய்தி: "மாமா, அப்பாவ கூப்பிடலன்னா நாங்க வரல. சாரி மாமா." கூடவே அழுகிற பொம்மை முகம். ப்ளஸ் டூவில் இந்த மேஜையில் உட்கார்ந்துதான் என்னிடம் வேதியியல் படித்தாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. வாராவாரம் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். இந்த ஞாயிறு வராவிட்டால் அப்புறம் எந்த ஞாயிறும் வர மாட்டாள். இப்படித்தான் வீடுகள் அறுந்துபோகின்றன. பார்த்திருக்கிறேன்.

மொச்சையை ஊறப்போட்டேன்.

ஜூலை 12, சனி

நூம்பலுக்கு, ஏ. வீட்டுக்குப் போனேன். வேலப்பன்சாவடியில் போக்குவரத்து நெரிசல். திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது.

ஏ. வாசலில் தண்ணீர் லாரிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். ஓட்டுநரும் கூட இருந்தார்.

"இன்னா மச்சான், வழி தெரிஞ்சுதா?"

வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினேன். "நாளைக்கு எங்க வீட்ல விருந்து. குடும்பத்தோட வரணும் மாப்ளே."

"யாரு சமைக்கிறது?"

"நான்."

லாரிக்கு அடியிலிருந்து முழுதாக வெளியே வந்தான். "நீயா? கெமிஸ்ட்ரி வாத்தி கொழம்பா? பக்கத்துல ஆஸ்பத்திரி கீதா?" ஓட்டுநர் சிரித்தார். "அத அப்படி சேர் மேல வச்சிட்டுப் போ, மச்சான். கையெல்லாம் கிரீசு."

நாற்காலியில் வைத்தால் அது அழைப்பு ஆகாது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையை நீட்டியபடியே நின்றேன். வெயில். தோள் வலித்தது. ஓட்டுநர் சிரிப்பை நிறுத்தினார். வசந்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், வெளியே வரவில்லை. நல்ல வேளை. அவள் வாங்கியிருந்தால் கெட்டது.

கடைசியில் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மாலை முழுக்கப் பிதுக்கினேன். கட்டைவிரல் நகம் வலி. சரளா எதிரே வந்து உட்கார்ந்து ஒரு கைப்பிடி அள்ளினாள். "பிதுக்கறது சமையல் இல்ல" என்றாள், நான் எதுவும் கேட்காதபோதே.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். கடையில் முதல் ஆளாக நின்று தொடையும் நெஞ்செலும்பும். கறி மட்டும் குக்கரில், மஞ்சளோடு. மசாலா அம்மியில் இல்லை, மிக்ஸிதான், வீரம் காட்ட ஒன்றுமில்லை. கறி வெந்த பிறகு பருப்பு. தோல் இல்லாததால் சீக்கிரம் மசிகிறது, பக்கத்திலேயே நின்றேன். புளி கடைசியில், கொஞ்சம். பருப்பு முழுதாக நின்றது. சோறும் ரசமும் சரளா. சொல்லாமலே வைத்துவிட்டாள்.

தீபிகா, மாப்பிள்ளை, வசந்தா வந்தார்கள். ஏ. வண்டியை நிறுத்திவிட்டு வருவதாகச் சொன்னானாம். வரவில்லை. இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா வரட்டுங்க" என்றார். தீபிகா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டியோடு படியிறங்கினேன். காருக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிங்க மாப்ளே. மேல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இன்னா மச்சான், கரண்டியால அடிப்பியா?"

"வரலன்னா அடிப்பேன்."

என்னை ஒரு முறை பார்த்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்கினான்.

மாப்பிள்ளைக்கு முதலில் ஊற்றினேன். அடுத்து ஏ.வுக்கு. பிசைந்தான். ஒரு வாய். இன்னொரு வாய். நெஞ்செலும்பை உறிஞ்சினான்.

"உப்பு கம்மியா கீது, மச்சான்."

சரளா உப்பு ஜாடியை நகர்த்தினாள். அவன் அதைத் தொடவில்லை. சோற்றில் பள்ளம் பறித்து, "ஊத்து" என்றான்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. ஊற்றினேன்.