இடப்பக்கம் நழுவும் குரல்

ஜூன் 4

கழுத்து வலி. காலையிலிருந்து கறுப்புப் பிசினைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். சூடான காற்றைக் காட்டினால் கொஞ்சம் இளகும். அந்த நேரத்தில் கொக்கியை விட்டு ஒரு நகக்கண் அளவு பெயர்க்கலாம். வீடு முழுக்க நாற்றம்.

அக்கா வீட்டுக்காரரின் ஒலிப்பதிவுக் கூடத்துப் பெட்டிகள் இவை. பாடுகிறவர் கத்தினால் அமுக்கிப் பிடித்து, முணுமுணுத்தால் தூக்கிக் கொடுக்கும் பழைய கம்ப்ரஸர்கள். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, ஜோடி. செய்தவர் இப்போது உயிரோடு இல்லை. சர்க்யூட்டை யாருக்கும் காட்டாமல், முக்கியமான இடத்தில் பிசினை ஊற்றி மூடிவிட்டுப் போயிருக்கிறார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் போல.

அதே மாதிரி செய்து விற்க வேண்டும் என்பது என் திட்டம். அத்தான் ஒன்றுதான் சொன்னார்: “ஒண்ணைத் திறந்து பாரு மச்சான், வேணாங்கல. ஆனா ஜோடி பிரியக்கூடாது, ரெண்டும் ஒரே மாதிரி வேலை செய்யணும். எனக்குச் சோறு போடறதே அதுதான்.”

ஜூன் 9

திறந்தாகிவிட்டது. உள்ளே நாலு டயோடு, சில ரெசிஸ்டர். எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமான். இதை மறைக்கவா இவ்வளவு பிசின்? சிரிப்புக்கூட வரவில்லை.

மாடி வீட்டம்மா வந்தார். “கம்ப்ரஸர் ரிப்பேர் பண்றீங்களாமே, எங்க ஃபிரிட்ஜைக் கொஞ்சம் பாருங்களேன்.” போய்ப் பார்த்தேன். கதவு ரப்பர் கிழிந்திருந்தது. மாற்றிக் கொடுத்தேன். இன்றைக்கு உருப்படியாக முடிந்த வேலை அது.

ஜூன் 12

ஜோடி பிரிந்துவிட்டது.

இரண்டையும் மாட்டி, பதிவு செய்த ஒரு பெண்குரலை ஓடவிட்டேன். நடுவில் நிற்க வேண்டிய குரல் மெல்ல இடப்பக்கம் நழுவுகிறது. திரும்பி வருகிறது. மறுபடி நழுவுகிறது. திறக்காத பெட்டி கல்லு மாதிரி நிக்குது. திறந்ததுதான் இப்படி ஆடுது. என்னத்தப் பண்ணித் தொலைச்சேன் நான்?

ஜூன் 13

எல்லாவற்றையும் கழற்றி அளந்தேன். மீட்டர் சரி என்கிறது. காது இல்லை என்கிறது.

ஜூன் 15

அத்தான் போன் செய்தார். “வியாழக்கிழமை பாடகி வர்றாங்க. பெட்டி வந்துடும்ல?” வந்துவிடும் என்றேன். அக்கா போனை வாங்கி, “அவரு கேக்கக் கூச்சப்படறாரு, நான் கேக்கறேன். கெடுத்து வெச்சிடலயே?” என்றாள். இல்லை என்றேன். அவளிடம் பொய் சொன்னது உறுத்துகிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 16

இரைச்சல் கேட்கும் என்று இந்த அறையில் விசிறி போடுவதில்லை. டீ கொண்டுவந்த மனைவி, நான் வியர்த்து வழிவதைப் பார்த்துப் போட்டுவிட்டாள். குரல் விருட்டென்று இடப்பக்கம் ஓடியது. “அத நிறுத்து!” என்று கத்தினேன். நிறுத்தினாள். குரல் நடுவுக்கு வந்தது.

“மறுபடி போடு.”

போட்டாள். ஓடியது.

“எனக்கு வேற வேல இல்லன்னு நெனச்சீங்களா?” என்றாள். ஆனாலும் நின்று, சொன்னபோதெல்லாம் போட்டாள், நிறுத்தினாள்.

சூடு! டயோடு சூட்டுக்குத் தகுந்தபடி மாறும் என்பது எனக்குத் தெரியாததா? ஒரே பிசினுக்குள் இருந்தவரை நாலுக்கும் ஒரே சூடு. இப்போது ஜன்னல் காற்று ஒன்றின் மேல், டிரான்ஸ்ஃபார்மர் அனல் இன்னொன்றின் மேல். ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அந்த மனிதர் குளிருக்குப் போர்த்திவிடுவது போல நாலையும் சேர்த்துப் போர்த்தியிருக்கிறார். கஞ்சன் என்று திட்டிக்கொண்டே நான் அதை உரித்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 17

பிசின் வாங்கி வந்து ஊற்றினேன். ஒரு கம்பி விலகியிருந்தாலும் இனி ஒன்றும் செய்ய முடியாது. இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விசிறி போட்டுப் பார்த்தேன். குரல் அசையவில்லை.

ஜூன் 18, வியாழன்

பாடகி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்தார். குரல் நடுவில் நின்றது. அத்தான் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அக்காவிடம் சொன்ன பொய்யையும்.

“பாட்டு முடிஞ்சப்புறம் சொல்லக்கூடாதாடா இத?” என்றார். “இனிமே நான் எப்படி நிம்மதியாக் கேக்கறது?”

அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடவில்லை. கடைசிவரை பெட்டியின் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 2

அக்கா இன்னும் பேசவில்லை.

ஆகஸ்ட் 21

என் கையால் செய்த முதல் ஜோடியைப் போன வாரம் அனுப்பினேன். சர்க்யூட் படத்தையும் கூடவே வைத்தேன், ஒரு புள்ளி விடாமல். பிசின் சூட்டுக்காக என்று பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன். வாங்கியவர் இன்று போன் செய்தார்.

“சார், தப்பா நெனக்காதீங்க. படத்த வெளிப்படையாக் குடுத்துட்டு மேல பிசினும் ஊத்தியிருந்தீங்களா, சந்தேகம் வந்துடுச்சு. ஒண்ணைச் சுரண்டிப் பாத்துட்டேன்.”

“என்ன இருந்துது?”

“படத்துல இருக்கறதுதான் சார் இருக்கு. ஆனா இப்ப குரல் ஒரு பக்கமாப் போவுது.”

எழுதித்தானே வைத்திருந்தேன், நம்பக்கூடாதா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. எழுதி வைத்திருந்தால் நான் மட்டும் நம்பியிருப்பேனா?

“பெட்டிய அனுப்புங்க,” என்றேன்.