இருபது ஆகட்டும்

இன்று சாயங்காலம் உன் வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே நீட்டினேன். உன் மனைவி வாங்கிச் சொருகினாள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் சூடாகிற வாசனை லேசாக வந்தது. நீ இருந்திருந்தால் மோந்து பார்த்துவிட்டு, "ஒன்னியும் இல்ல, உடு" என்றிருப்பாய். நீ போய் எட்டு மாதமாகிறது. என் கார் இன்னும் உன் வீட்டு கரண்டில்தான் ஓடுகிறது.

எலக்ட்ரிக் கார் வாங்கிய புதிதில் நான் அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியும். வாடகை வீட்டுக்காரர், "ஊடு எரிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கும்மிடிப்பூண்டியில் நம் கம்பெனி சார்ஜர் ஆபீசர்களின் வண்டிக்கு மட்டும். ஹைவேயில் இருப்பது பாதி நாள் வேலை செய்யாது, செய்கிற நாளில் டாக்ஸிகள் வரிசை கட்டி நிற்கும். நீதான், "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நம்ம ஊட்லயே போட்டுக்கோடா" என்று சொல்லி, அந்த வாரமே ஜன்னலோரம் பெரிய பிளக் பாயிண்ட் வைத்தாய். அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் கவரைப்பேட்டையில் உன் வாசலில் காரை நிறுத்துவேன். ஒயரில் யாரும் தடுக்கி விழாமலிருக்க மேலே செங்கல் வைப்பேன். மூன்று தெரு நடந்து வீட்டுக்குப் போய், காலையில் வந்து எடுப்பேன்.

இந்தக் கார் வைத்திருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், கண் அந்தச் சார்ஜ் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் கல்யாணச் சாப்பாடு முடிந்து மதியம் திரும்பினோம். சார்ஜ் ஒன்பது சதவீதம். உன் மனைவி பிள்ளைகளோடு மீஞ்சூரில் அம்மா வீட்டில் இருந்தாள். ஒயரைச் சொருகும்போதே நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கேஸு போலக்குது" என்றாய். பக்கத்துக் கிளினிக் பூட்டியிருந்தது. செங்குன்றம் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது போதாது, வழியில் நின்றுவிடும் என்று பயந்தேன். "இருபது ஆகட்டும், கிளம்பலாம்" என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ பிடித்திருக்கலாம், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லையடா. பதினேழில் நீ நாற்காலியிலிருந்து சரிந்தாய்.

எல்லோரிடமும் "திடீர்னு நடந்துடுச்சு" என்று சொன்னேன். உன் மனைவி அதையே பிடித்துக்கொண்டாள். இன்றும் நான் செங்கல்லை வைத்துக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அம்மாவிடம், "பேசிக்கினே இருந்தாரு, பொட்டுனு போயிட்டாரு. ஒரு நோவும் படல. அண்ணாதான் கூட இருந்தாரு" என்றாள். எட்டு மாதமாக இதைக் கேட்டுக்கொண்டுதான் சார்ஜ் போடுகிறேன். வராமல் இருக்கலாமென்றால் வேறு இடமில்லை. வந்தால் அவள் கையால் டீ குடிக்க வேண்டும்.

எதிர்வீட்டு அம்மா போனதும் அடக்க முடியவில்லை. "திடீர்னு இல்லம்மா. ஒரு மணி நேரத்துக்கு மேல நெஞ்சுவலி இருந்துச்சு. சார்ஜ் ஏறட்டும்னு நான்தான் உட்கார வச்சேன்" என்று கொட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ணா. நீங்க வண்டிகிட்ட நின்னுக்கினு இருந்தப்போ எனக்கு ஃபோன் பண்ணாரு. நெஞ்சு ஒரு மாரி கீது, ஆட்டோ புடிச்சிக்கினு போவட்டான்னு கேட்டாரு. ஆட்டோ தூக்கித் தூக்கிப் போடும், சார்ஜ் ஏறனதும் அண்ணா கூட கார்லயே போங்கன்னு நான்தாண்ணா சொன்னேன்."

குனிந்து ஒயர் மேலிருந்த செங்கல்லைச் சரிசெய்தேன்.

"பசங்களுக்குத் தெரிய வேணாம்ணா" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

இத்தனை நாள் என் தப்போடு மட்டும் உன் வாசலுக்கு வந்துபோனேன். இனி அவளுடையதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். நாளைக்கும் வருவேன், வராமல் இருக்க முடியாது. உன்னிடம் எனக்கு ஒரே ஒரு கோபம்தான். ஆயுசு முழுக்க யார் சொல்லியும் கேட்காதவன், அன்றைக்கு மட்டும் ஏன்டா எங்கள் ரெண்டு பேர் பேச்சையும் கேட்டாய்?