கடைசி வளைவில் விழுந்தவள்

கரியாலூர்
4.9.1989

ராணியம்மாள் அவர்களுக்கு, இருசம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா?

கள்ளக்குறிச்சிப் பந்தயத்தில் கடைசி வளைவில் நீங்கள் விழுந்தீர்கள். நான் தாண்டி ஓடி முதலில் வந்தேன். நான்தான் தள்ளிவிட்டேன் என்று என் பெயரை அடித்துவிட்டார்கள். "கைய வைக்கலிங்க" என்று அழுதேன், யாரும் கேட்கவில்லை. முன்னால் ஓடியவர் நீங்கள் என்பதால் மாநிலப் போட்டிக்கு உங்களை அனுப்புகிறார்களாம்.

நாம் சிநேகிதிகள் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் தள்ளினேனா?

இப்படிக்கு,
இருசம்மாள்

மணலூர்பேட்டை
12.9.1989

இருசம்மாள் அவர்களுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. நொண்டல் மட்டும் இருக்கிறது.

நீங்கள் தள்ளவில்லை. பின்னால் உங்கள் காலடி நெருங்குவது கேட்டு அவசரப்பட்டேன். ஈர மண்ணில் கால் மடங்கிவிட்டது. உங்கள் பெயரை அடித்தது உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா சொல்லவில்லை.

நேற்று போய்ப் பந்தயம் நடத்திய சங்கத்தின் செயலாளரிடம் சொன்னேன்.

"நல்லா யோசிச்சிக்கினியாம்மா? உன் எடம் போயிடும்."

"போவட்டுங்க. அவங்க என்னைத் தொடவே இல்லிங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீங்கள்தான் போகிறீர்கள். "கரும்பு வேலய வுட்டுட்டு உன்ன இட்டுக்கினு அலஞ்சனே, இன்னா காரியம் பண்ண?" என்றார் அப்பா. அதோடு பேச்சில்லை.

நன்றி எழுத வேண்டாம். உங்களை நான் ஓடித்தான் ஜெயிக்க வேண்டும்.

ராணியம்மாள்

கரியாலூர்
20.11.1989

ராணியம்மாள் அவர்களுக்கு,

மாநிலப் போட்டியில் மூன்றாவதாக வந்தேன். ஆரம்பத்திலேயே வேகமாக ஓடிக் கெடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நீங்கள் ஓடினால் எவ்வளவு வேகம் போதும் என்று எனக்குத் தெரியும், அங்கே தெரியவில்லை. முதலில் வந்த பெண் கடைசிச் சுற்று வரை தோளை இறுக்கவே இல்லை. நீங்கள் வளைவில் இறுக்குகிறீர்கள். கவனியுங்கள்.

பொங்கலுக்கு வெள்ளிமலையிலிருந்து எங்கள் ஊர் வரை பந்தயம். ஏற்றம் ஜாஸ்தி. வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம். பந்தயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இருசம்மாள்

மணலூர்பேட்டை
2.12.1989

இருசம்மாள் அவர்களுக்கு,

வருகிறேன். கால் சரியாகிவிட்டது. தினமும் விடிந்ததும் ஆற்று மணலில் ஓடுகிறேன். நேற்று திரும்பிப் பார்த்தால் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் வந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்று, "இந்த ஓட்டத்துக்கு அந்த மலைப் பொண்ணு கிட்ட கூட போவ முடியாது, இன்னொரு தபா ஓடு" என்றார். இத்தனை நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. மறுபடியும் ஓடினேன்.

நானும் அப்பாவும் தங்குவதற்கு வேறு இடம் பார்த்துக்கொண்டோம். தப்பாக நினைக்க வேண்டாம். பந்தயத்துக்கு முன்னால் உங்கள் வீட்டில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ராணியம்மாள்