ஆறு சேலையும் என்னிடம்தான்

ஆகஸ்ட் 2, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மாதாவின் ஆறு சேலைகளையும் பால்கனியில் காற்றாட விட்டேன். நீலப் பட்டில் மெழுகுக் கறை. யாரோ அவசரக்குடுக்கை வேலை.

பத்தொன்பது வருடம். நம் கோயில் மாதா சொரூபத்துக்குச் சேலை கட்டியது நான். துவைத்தது, இஸ்திரி போட்டது, கொசுவம் பிடித்தது எல்லாம் நான். போன மாதக் கூட்டத்தில் பிலோமினா எழுந்தாள். திருச்சியிலிருந்து வந்து நாலு வருடம், பேங்க் வேலை. (இனி பி. போதும். முழுப்பெயருக்கு மை வீண்.)

"இனிமே டர்ன் போட்டு எல்லாரும் கட்டலாமே ஆன்ட்டி. உங்களுக்கும் ரெஸ்ட்."

ஃபாதர் தலையாட்டினார். எழுந்து வந்துவிட்டேன். சேலைகள் என் அலமாரியில்தான். 29ஆம் தேதி வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றம், அன்று மாதாவுக்குச் சேலை மாற்றியாக வேண்டும். வரட்டும். வந்து கேட்கட்டும்.

அதுவரை ஊரில் வேறு கோயிலே இல்லையா? இன்று பஸ்ஸில் பத்து ஸ்டாப் தள்ளி ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் பல் டாக்டர் கிளினிக். உள்ளே பெஞ்சு பெஞ்சாக டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள், ஹாக்கர் சென்டர் சாப்பாட்டு மேசை மாதிரி. நற்கருணை நாதருக்கு முன்னால்! ஒரு பாக்கெட்டை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

மார்க் போட்டால் பத்துக்கு மூன்று.

ஆகஸ்ட் 5, புதன்

மழை. தேக்கா மார்க்கெட்டில் பாகற்காய் வாங்கினேன். முற்றல். கோயிலிலிருந்து போன் வரவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

தேசிய தினம். டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறி இன்னொரு கோயில். எல்லாரும் கொடி நிறத்தில், சிவப்பு வெள்ளை. ஃபாதர் பிரசங்கத்தில் மூன்று ஜோக், மூன்றுக்கும் அவரே முதலில் சிரித்தார். பின் பெஞ்சில் இரண்டு பெண்கள்:

"ஃபாதர் ஷார்ட்டா முடிச்சிடுவாரு லா. அதுக்குத்தான் இங்க வர்றதே."

"கார்பார்க்கும் ஈஸி."

இவர்களுக்கு மோட்சத்திலும் கார்பார்க் வேண்டும்.

ஏசி குளிரில் முழங்கால் விறைத்துவிட்டது. மாதா ஒரு மூலையில், வெறும் பிளாஸ்டர், வருடம் முழுக்க அதே நீல அங்கி. பார்க்கப் பாவமாக இருந்தது. சேலை என்று ஒன்று உண்டென்றே அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்துக்கு நாலு. நாலும் பூவுக்கு.

இவர், என் வீட்டுக்காரர், நம் கோயிலுக்கே போய்விட்டு வடையோடு வந்தார். மானம் ரோஷம் இல்லாத மனுஷன்.

"என்னைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"அந்தோணி கேட்டாரு, கால் வலியான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

ஆகஸ்ட் 16, ஞாயிறு

வெயில். ரொம்பத் தூரம் போய் ஒரு தமிழ்ப் பூசை. மாதம் ஒருமுறைதானாம், அது தெரிந்தது. வாசகம் வாசித்த பெண் போனில் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்துத் தமிழ் வாசித்தாள். பாடகர் குழு ஆளுக்கொரு பக்கம் போய் அல்லேலூயாவில் சந்தித்துக்கொண்டது. கடைசி வரிசையில் கப்பல் பட்டறைத் தம்பிகள் நாலு பேர். அவர்கள் மட்டும்தான் வாயைத் திறந்து சரியாகப் பாடினார்கள். உள்ளதை எழுத வேண்டும்.

முடிந்ததும் காப்பி, குவே பலகாரம். ஒரு அம்மாள் நெருங்கி வந்து, "நீங்க எந்தப் பங்கு?" என்றாள்.

"சும்மா பார்க்க வந்தேன்" என்றேன். கோயிலைச் சும்மா பார்க்க வர இது என்ன செந்தோசாத் தீவா? எனக்கே அசிங்கமாக இருந்தது. பத்துக்கு இரண்டு.

ஆகஸ்ட் 20, வியாழன்

போனை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நூல்கண்டு, ஊசி, பின் டப்பா வாங்கணும். வாங்கி என்ன செய்ய.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

லேசான காய்ச்சல். எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. யூடியூபில் பூசை. பத்துக்கு ஒன்று, அந்த ஒன்று ஒலியைக் குறைக்க முடிந்ததற்கு.

இவர் வந்ததும் கேட்டேன். சேலை பற்றிப் பேச்சே இல்லையாம். ஆறு நாள்தான் இருக்கிறது, பேச்சே இல்லையாம்!

"நீயே கொண்டுபோய்க் குடுத்துடேன், லூர்து."

"வந்து கேக்கட்டும்."

"மாதாவா வந்து கேக்கும்?"

ரசத்தில் உப்பைக் கூடுதலாகப் போட்டேன். குடித்தார்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

தூக்கம் பிடிக்கவில்லை. முழுச் சேலையை ஐந்தரை முழமாக எங்கே மடிக்க வேண்டும் என்று பி.க்குத் தெரியாது. சொரூபத்தின் இடது தோள் சற்று இறக்கம், அங்கே பஞ்சு வைக்க வேண்டும், அதுவும் தெரியாது. நாளை எல்லார் முன்னாலும் மாதா மேலே இருக்கிற பழைய சேலையிலேயே அசடு வழிய நிற்கும். பி. மூஞ்சியைப் பார்க்க வேண்டும். ஆனால் மாதா என்ன பாவம் செய்தாள்.

நாளை போய்க் கொடுத்துவிடுகிறேன். பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். கட்டச் சொன்னால் கட்டுவேன்.

ஆகஸ்ட் 29, சனி

மத்தியானம் மூன்று மணிக்கே போனேன். பை கையில்.

சேலை கட்டியாகிவிட்டது. புது அரக்குப் பட்டு. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கொசுவம் எல்லாம் ஒரே அகலம். பி. பின்னை எங்கே குத்தினாள் என்று தேடினேன், தெரியவில்லை. இடது தோளும் சரியாக நின்றது. நான் கட்டியதைவிட நன்றாக இருந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன்.

திரும்பினால் ஒரு மேசை, மேசை நிறைய ஜனங்கள் கொண்டுவந்த காணிக்கைச் சேலைகள். மேசைக்குப் பின்னால் முன்பின் தெரியாத சின்னப் பெண்.

"காணிக்கைச் சேலையா ஆன்ட்டி? குடுங்க." பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஆறு இருக்கே! தேங்க் யூ ஆன்ட்டி. மாதா உங்களுக்கு நல்லது செய்வாங்க."

பத்தொன்பது வருடம் என்று வாய் வரை வந்தது. பின்னால் வரிசை. ஆறும் குவியலில் போய் விழுந்தன. நீலப் பட்டின் மேல் யாரோ ஒரு பாலியெஸ்டரை வைத்தார்கள்.

ஒரு சீட்டும் பேனாவும் நீட்டினாள். "என்ன வேண்டுதல்னு எழுதிடுங்க. ஃபாதர் பூசையில வாசிப்பாரு."

என்னைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று, ஃபாதர் மைக்கில் வாசிக்கிற சீட்டில் எழுத முடியுமா?

'குடும்ப நலன்' என்று எழுதினேன். கீழே பெயர் கேட்டிருந்தது. போடவில்லை.